பாஸ்கர்வில் அச்சிட்ட திருமறை: ஒரு திறனாய்வு

திருமறை அச்சு வரலாற்றைப் பயில்வோர் 1763 ஆம் ஆண்டில் சற்றே நின்று சிந்திக்க வேண்டியவராகின்றனர். அவ்வாண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகர் என்னும் உரிமையுடன் ஜான் பாஸ்கர்வில் என்பார் வெளியிட்ட ஆங்கிலத் திருமறை, அம்மொழியில் தோன்றிய திருமறைப் பதிப்புகளுள் மிக்க எழில் வாய்ந்தவற்றுள் ஒன்று என்பது அச்சுக்கலை அறிந்தோரின் துணிபு. அதே பாஸ்கர்வில் பத்து ஆண்டுகளுக்குப் பின் 1773 ஜனவரியில் எழுதிய தம் உயிலில், இறைவெளிப்பாடு எனச் சமயம் கூறுவது, அதனூடே விரவியுள்ள அறநெறித் துணுக்குகள் நீங்கலாக, மனித அறிவுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பே எனும் பொருள்பட எழுதிவைத்தார். தம் உடலைத் திருச்சபையின் நிலத்தில் அடக்கம் செய்யலாகாது என்றும் பணித்தார்.

இவ்விரு செய்திகளையும் ஒருங்கே நோக்குவோர் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுள் ஒன்றனைக் கொள்கின்றனர். ஆண்டவர் தம்மை மறுத்தவரையும் தம் பணிக்குக் கருவியாக்கினார் என்று கூறி, பிரசங்கத்திற்கு ஓர் உவமை கிடைத்த நிறைவோடு அப்பால் செல்வர் சிலர். கலை வேறு, சமயம் வேறு; எழுத்தை வார்ப்பவர் எதை நம்பினால் என்ன என்று கேட்பர் வேறு சிலர். இவ்விரண்டும் போதாதவை என்பதே நமது கருத்து. முதல் முடிவு அம்மனிதரை வெறும் கருவியாக்கிவிடுகிறது. இரண்டாவது முடிவு அந்நூலை வெறும் தாளாக்கிவிடுகிறது. பாஸ்கர்வில்லின் வாழ்வையும் பணியையும் அருகிருந்து நோக்குவோமாயின், திருச்சபை அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு, அவரிடத்தில் குறையாகக் காண வேண்டியதும் உண்டு என்பது விளங்கும்.

1. கல்லில் தொடங்கிய கை

ஊஸ்டர்ஷயர் மாவட்டத்தில் கிடர்மின்ஸ்டர் நகரை அடுத்த உல்வர்லி என்னும் ஊரில் 1706 இல் பாஸ்கர்வில் பிறந்தார். இளமையில் பர்மிங்காம் நகருக்கு வந்து, கையெழுத்துக் கற்பிக்கும் ஆசிரியராகவும் கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுபவராகவும் பிழைத்தார். தம் திறமையைப் பிறர்க்கு அறிவிக்க அவர் வெட்டிய சிறு கற்பலகையொன்று இன்றும் பர்மிங்காமில் பாதுகாக்கப்படுகிறது. ஆகவே அவர் அச்சுத்தொழிலின் வழியாக எழுத்துக்கு வந்தவர் அல்லர். எழுத்தின் வழியாக அச்சுக்கு வந்தவர். இறந்தோரின் பெயர்களைக் கல்லில் பிழையின்றிப் பொறித்துப் பழகிய கை அது. ஒருமுறை வெட்டிய கோட்டைக் கல்லில் அழிக்க இயலாது.

பின்னர், தட்டுகள், பெட்டிகள் முதலியவற்றின்மீது ஜப்பானிய அரக்கு வேலையைப் போன்ற பளபளப்பான மெருகு பூசும் தொழிலில் அவர் பெருஞ்செல்வம் ஈட்டினார். நகரின் ஓரத்தில் ஈஸி ஹில் என்று பெயரிட்ட மனையில் வீடு கட்டிக்கொண்டார். பொன் சரிகை ஆடையும், மெருகிட்ட ஓவியப் பலகைகள் பொருத்திய வண்டியும் கொண்ட ஆடம்பர மனிதர் அவர். ஏறத்தாழ 1750 இல், நாற்பது வயதைக் கடந்த பின்னரே, எழுத்து வார்ப்பிலும் அச்சிலும் இறங்கினார். எழுத்து முளைகளை எஃகில் வெட்டியவர் ஜான் ஹேண்டி என்னும் தொழிலாளி. அவற்றின் வடிவத்தை வகுத்தவர் பாஸ்கர்வில். தமக்கு நிறைவளிக்கும் ஓர் எழுத்தைக் காணுமுன் 600 பவுன் அவர் செலவிட்டதாகப் பர்மிங்காம் வரலாற்றை 1781 இல் எழுதிய வில்லியம் ஹட்டன் குறிப்பிடுகிறார். முதல் நூலாகிய வெர்ஜிலின் இலத்தீன் காவியத் தொகுதி 1757 இல்தான் வெளிவந்தது. ஏழாண்டு உழைப்பின் பயன் ஒரு நூல்!

2. அவர் செய்த மாற்றம்

அந்நாளில் இங்கிலாந்தில் பெரிதும் வழங்கியவை வில்லியம் காஸ்லன் வார்த்த எழுத்துகள். அவை உறுதியானவை, கண்ணுக்குப் பழகியவை. பாஸ்கர்வில் அவற்றைப் பழிக்கவில்லை. 1758 இல் தாம் அச்சிட்ட மில்டன் நூலின் முன்னுரையில் காஸ்லனைப் புகழ்ந்தே எழுதினார். ஆயினும் கையெழுத்து ஆசிரியராய் இருந்த தம் கண்ணுக்குப் புலப்பட்ட செம்மையை ஈயத்தில் கொண்டுவர விரும்பினார். எழுத்தின் தடித்த பகுதிக்கும் மெல்லிய பகுதிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மிகுவித்தார். வளைவுகளை அகலமும் வட்டமுமாக ஆக்கினார். சாய்வைக் குறைத்து எழுத்தை நிமிர்த்தி நிறுத்தினார்.

இத்தகைய மெல்லிய கோடுகள் அக்காலத்துக் கரடுமுரடான தாளில் தெளிவாகப் பதியமாட்டா. எனவே அவர் தாளையும் மையையும் பொறியையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. கம்பித் தடம் தெரியாத வழவழப்பான புதுவகைத் தாளை வெர்ஜில் நூலின் ஒரு பகுதிக்குப் பயன்படுத்தினார். மையை மேலும் கருமையாக்கினார். அச்சான தாளைச் சூடேற்றிய செப்புத் தகடுகளுக்கிடையே அழுத்தி மெருகேற்றினார்.

இவற்றைவிட நம் கருத்தைக் கவர்வது அவர் விலக்கியவையே. வெர்ஜில் நூலின் முகப்புப் பக்கத்தில் கொடியில்லை, பூவில்லை, தேவதூதர் உருவமில்லை. இடைவெளி விட்டு அமைக்கப்பட்ட பெரிய எழுத்துகளும் அவற்றைச் சூழ்ந்த வெண்மையுமே உள. வண்டியிலும் உடையிலும் பகட்டை விரும்பியவர், தாளில் பகட்டைத் துறந்தார். சொல்லுக்கும் படிப்பவருக்கும் நடுவே எதுவும் நிற்கலாகாது என்னும் ஒழுக்கம் அது. இவ்வொழுக்கத்தைப் பிரசங்கிகளாகிய நாம் அறியாதவரல்லோம், கைக்கொள்வதுதான் அரிது.

3. மூக்குக் கண்ணாடி அணிய நாணுவோர்

அரசரின் அச்சகருக்கும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் மட்டுமே இங்கிலாந்தில் திருமறையும் பொது ஜெபப் புத்தகமும் அச்சிடும் உரிமை இருந்தது. எனவே பாஸ்கர்வில் கேம்பிரிட்ஜை அணுகினார். 1758 டிசம்பரில் பல்கலைக்கழகம் அவரைத் தன் அச்சகராக நியமித்தது. 1760 முதல் ஜெபப் புத்தகத்தின் பதிப்புகள் சில வெளிவந்தன.

இப்பணி நடைபெற்றபோது, 1759 இல், பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு அவர் எழுதிய மடலில் ஒரு குறிப்பு காணப்படுகிறது. மூக்குக் கண்ணாடி தேவைப்படத் தொடங்கியும், ஆலயத்தில் அதனை அணிய நாணுகின்றவர்களைக் கருதியே எழுத்தின் அளவைத் தாம் வகுத்ததாக அவர் அதில் கூறுகிறார். இச்சிறு குறிப்பு ஒரு நூல் முழுவதையும் விளக்க வல்லது என எண்ணுகிறோம். பார்வை மங்கத் தொடங்கிய ஒருவர் ஆலய இருக்கையில் அமர்ந்து, அயலார் அறியாதபடி புத்தகத்தைச் சற்றே தள்ளிப் பிடித்து, மறுமொழி கூற முயலும் காட்சியை அவர் மனக்கண்ணால் கண்டிருக்கிறார். அம்முதியவரின் வெட்கத்தைத் தீர்க்க அறிவுரை எதுவும் கூறாமல், எழுத்தைச் சற்றே பெரிதாக வார்த்தார்.

மேய்ப்புப் பணி என்று நாம் வழங்கும் சொல்லுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அக்காலத்து ஆயர்களின் எழுத்துகளில் எத்தனை கிடைக்கும்? வணிகர் ஒருவர் தம் சரக்கை விற்பதற்காகக் கூறிய சொல் இது எனலாம். ஆம், அவர் வணிகரே. ஆயினும் வாங்குவோரின் தேவையை இத்துணை நுட்பமாக உணர்வது அன்பின் ஒரு வடிவம் அன்று என யார் கூற வல்லார்?

4. 1763 ஆம் ஆண்டுத் திருமறை

திருமறையோ பெரிய ஏட்டளவில் அமைந்தது. உடன்படிக்கையின்படி கேம்பிரிட்ஜிலேயே அச்சிட வேண்டியிருந்தமையால், பொறிகளையும் ஆட்களையும் அங்கு அனுப்பினார். 1250 படிகள் அச்சிட்டார். முன்பதிவு செய்தோருக்கு விலை நான்கு கினி. அஃதாவது அந்நாளைய கூலியாள் ஒருவரின் பல வார ஊதியம். வாங்குவோர் போதிய அளவில் வரவில்லை. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள் தேங்கி, பின்னர் இலண்டன் புத்தக வணிகர் ஒருவரிடம் குறைந்த விலைக்குச் சென்றன.

திருமறை வெளிவருமுன்னரே, 1762 இல் ஹொரேஸ் வால்போலுக்கு எழுதிய மடலில் அவர் மனம் வெதும்பி முறையிடுகிறார். ஜெபப் புத்தகத்தின் ஆயிரம் படிகளுக்கு 20 பவுன் பல்கலைக்கழகத்திற்குச் செலுத்த வேண்டியிருந்தது. அதனுடன் சேர்க்கும் செய்யுள் வடிவச் சங்கீதங்களின் ஒரு பதிப்புக்கு மட்டும் 32 பவுன் இலண்டன் அச்சு வணிகர் குழுமத்திற்குக் கட்ட நேர்ந்தது. ஜெபிக்கும் சொல்லையும் பாடும் சொல்லையும் உரிமைப் பொருளாக்கி வரி வாங்கிய ஓர் ஒழுங்கை அவர் நேரில் கண்டார். சமய குருக்களின் சூழ்ச்சி என்று அவர் பின்னாளில் சாடியதற்கு இதுவே காரணம் என நாம் கூறவில்லை. ஆனால், வேதத்தைச் சிறப்பாக அச்சிட முன்வந்தவருக்கு வேதத்தின் காவலர் காட்டிய முகம் இதுவே என்பதைக் கூறாமல் விடலாகாது.

அழகியல் நோக்கிலும் மறுப்பு எழுந்தது. அவ்வெழுத்துகளின் மெல்லிய கோடுகள் நாட்டு மக்களின் கண்களைக் கெடுத்துவிடும் எனச் சிலர் கூறினர். பெஞ்சமின் பிராங்ளின் 1760 இல் பாஸ்கர்வில்லுக்கு எழுதிய மடல் இங்கு நினைக்கத்தக்கது. இவ்வாறு குறை கூறிய ஒருவரிடம், காஸ்லனின் எழுத்து மாதிரித் தாளின் தலைப்பைக் கிழித்துவிட்டு, அதனைப் பாஸ்கர்வில்லின் தாள் என்று கூறிக் கொடுத்தாராம் பிராங்ளின். அவரோ தாம் அதுவரை வருத்தமின்றிப் படித்துவந்த காஸ்லன் எழுத்திலேயே அத்தனை குறைகளையும் கண்டு, கண் வலிக்கிறது என்றாராம். பெயரைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் இப்பழக்கம் அச்சுக்கலையோடு நிற்பதன்று. ஒரு கருத்தைக் கூறியவர் இன்னார் என்று அறிந்தபின்பே அது திருமறைக்கு ஏற்றதா என முடிவு செய்யும் வழக்கம் நம் இறையியல் உலகிலும் உண்டு.

5. இறையியல் நோக்கில்

நம்பாதவரின் கையால் வந்த திருமறையைத் திருச்சபை எவ்வாறு ஏற்பது? நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் டொனாட்டியரோடு நிகழ்ந்த வழக்கை மாணவர் நினைவுகூர்வர். அருட்சாதனத்தின் ஆற்றல் அதனை நடத்துபவரின் தகுதியைச் சார்ந்ததன்று என அகுஸ்தீன் நிலைநாட்டினார். ஆங்கிலத் திருச்சபையின் முப்பத்தொன்பது பிரமாணங்களுள் இருபத்தாறாவது பிரமாணமும் இதையே உரைக்கிறது. பாஸ்கர்வில்லின் வழக்கையும் இவ்வாறே தீர்த்துவிடலாம் எனத் தோன்றும். ஆனால் இவ்வொப்புமை முழுதும் பொருந்தாது. அருட்சாதனத்தில் செயல்படுவது இறைவனின் வாக்குறுதி. பக்கத்தின் எழிலிலோ செயல்படுவது மனிதரின் கண், கை, பொறுமை. அருட்சாதனத்தில் நடத்துபவரின் குறையை மறந்துவிடுகிறோம். அச்சில் செய்தவரின் திறமையை மறந்துவிட முடியாது. அந்நூலின் சிறப்பு பாஸ்கர்வில் என்னும் மனிதரின் சிறப்பே.

ஆதலின் வேறிரு மாதிரிகளை நோக்குதல் நலம். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தை அமைத்த பெசலெயேல் இறை ஆவியால் நிரப்பப்பட்டவன். அவனுடைய கைத்திறனும் பக்தியும் ஒன்றாய் நின்றன. இராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் சாலொமோன் தீருவிலிருந்து அழைத்த ஈராமோ வெண்கல வேலையில் தேர்ந்தவன். தகப்பன் தீரு நாட்டான், தாய் நப்தலி கோத்திரத்து விதவை. ஆலயத்தின் முகப்பில் நின்ற இரு தூண்களையும் வார்த்தவன் அவனே. அவன் யாரை வணங்கினான் என்று திருமறை கேட்கவில்லை. அவன் ஞானமும் அறிவும் நிறைந்தவன் என்றே சான்று பகர்கிறது. அவனுடைய பெயரையும் பெற்றோரின் குலத்தையும் மறவாமல் பதிவு செய்கிறது. பாஸ்கர்வில்லுக்கு உரிய இடம் ஈராமின் அருகில் என்பது நமது துணிபு. அவரைக் கருவி என்று கூறி அவருடைய பெயரை விழுங்கிவிடுதல் திருமறையின் வழக்கன்று.

இதிலிருந்து நமக்கு எதிராக எழும் கேள்வியும் உண்டு. நம்பிக்கையுள்ளவர் செய்தால் குறையுள்ள வேலையும் ஆண்டவருக்கு ஏற்புடையதாகும் எனும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மனம் நல்லதாயின் மெய்ப்புப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறோம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழாண்டு காத்திருந்த ஒருவர் அந்நம்பிக்கையே இல்லாமல் அதைச் செய்தார் என்பது நம் பக்திக்கு ஒரு கடிந்துகொள்ளுதல்.

6. அவரிடத்தில் நாம் காணும் குறை

புகழ்ச்சியை இத்துடன் நிறுத்தி, மறுபக்கத்தையும் நோக்குவோம். பாஸ்கர்வில்லின் திருமறை போற்றப்பட்டது; வாங்கப்படவில்லை. பேழையில் வைக்கப்படுதற்கு ஏற்ற நூல் அது. அவர் பிறந்த காலத்தையொட்டி, 1710 இல், நம் வாசகர் சீகன்பால்கின் வாயிலாக அறிந்த ஹாலே நகரில் கான்ஸ்டைன் பிரபு ஒரு திருமறை நிறுவனத்தைத் தொடங்கினார். கோத்த எழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து மீண்டும் மீண்டும் அச்சிடுதல் அவர் கண்ட முறை. அதனால் ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் ஜெர்மன் திருமறை பரவியது. அப்பக்கங்களை அழகுக்காக எவரும் நாடுவதில்லை. ஆனால் அவை குடிசைகளுக்குள் சென்றன. ஜெபப் புத்தகத்தில் மங்கிய கண்களை நினைத்த பாஸ்கர்வில், திருமறையில் மெலிந்த பணப்பையை நினைக்கவில்லை.

எழுத்தின் அழகு தானே எதையும் பிரசங்கிக்காது என்பதற்கும் அவருடைய எழுத்துகளே சான்று. 1775 ஜனவரி 8 ஆம் நாள் அவர் மறைந்தபின், மனைவி சாரா அவ்வெழுத்துகளைப் பிரெஞ்சு நாடக ஆசிரியர் போமார்ஷேக்கு 1779 இல் விற்றார். கேல் நகரில் அவற்றைக் கொண்டு வால்டேரின் முழுத் தொகுதி அச்சாயிற்று. பல கைகள் மாறிய எழுத்து முளைகள் 1953 இல் பாரிஸ் வார்ப்பகத்தாரால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கே அன்பளிப்பாக வந்து சேர்ந்தன. திருமறையையும் வால்டேரையும் ஒரே ஒழுங்கோடு தாங்கிய எழுத்து அது. தெளிவாகச் சொல்லுதல் ஒரு பெரும் பண்பு. ஆனால் எதைச் சொல்லுவது என்பதை அப்பண்பு முடிவு செய்யாது. அதனை முடிவு செய்வது திருச்சபையின் கடன்.

7. இறந்தபின் அவரை நடத்திய முறை

சாராவைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். முதற் கணவரால் கைவிடப்பட்ட அவர் பாஸ்கர்வில்லின் இல்லத்தில் வாழ்ந்தார். மணவிலக்குப் பெறுவது செல்வாக்குடைய சிலர்க்கன்றி இயலாத காலம் அது. முதற் கணவர் இறந்ததும் 1764 ஜூனில் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். உரிமை கிடைத்த உடனே திருச்சபையின் முறைப்படி மணந்துகொண்டவரை ஒழுக்கமற்றவர் எனக் கடிந்தோர், அவ்வுரிமையை அத்தனை ஆண்டுகள் மறுத்த சட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உயிலின்படி அவருடைய உடல் வீட்டு மனையிலிருந்த கூம்பு வடிவக் கட்டடத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மூடப் பயத்தினின்றும் குருமாரின் தீய சூழ்ச்சியினின்றும் மனத்தை விடுவித்துக்கொள்ளுமாறு வழிப்போக்கரை வேண்டும் கல்லறை வாசகத்தை அவரே எழுதியிருந்தார். 1791 இல் பிரீஸ்ட்லி என்னும் பிரிவினைச் சபைப் போதகருக்கு எதிராகக் கிளம்பிய கலகக் கூட்டம், திருச்சபையும் மன்னரும் வாழ்க என முழங்கிக்கொண்டே, அப்போது வேறொருவருக்கு உரியதாயிருந்த அவ்வீட்டையும் எரித்தது. 1820-களின் தொடக்கத்தில் நிலத்தைத் தோண்டியோர் ஈயப் பேழையைக் கண்டனர். பின்னர் அது ஒரு கடையில் வைக்கப்பட்டு மக்களுக்குக் காட்சிப் பொருளாயிற்று. அதன்பின் எவரும் அறியாதபடி கிறிஸ்து ஆலயத்தின் நிலவறையில் வைக்கப்பட்டது. அவ்வாலயம் இடிக்கப்பட்டபோது, 1898 இல், வார்ஸ்டோன் லேன் கல்லறைத் தோட்டத்திற்கு மாற்றப்பட்டது.

ஈற்றில் அவர் திருச்சபையின் நிலத்திற்கே வந்தார் எனக் கூறி மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சியில் நாம் பங்குகொள்ள மாட்டோம். தெளிந்த அறிவோடு ஒருவர் எழுதிய இறுதி விருப்பத்தை மீறியதில் நற்செய்திக்கு எவ்வெற்றியும் இல்லை. மறுப்பவரின் மறுப்பையும் மதிப்பதே அவருடைய மனச்சான்றைப் படைத்தவரை மதிப்பதாகும். அவருடைய கல்லறை வாசகத்திற்கு மறுமொழி அவருடைய எலும்புகளை இடம் மாற்றுவதன்று. குருமாரின் சூழ்ச்சி என்று எவரும் கூற இடமில்லாதபடி குருத்துவம் வாழ்ந்து காட்டுவதே.

8. முடிவுரை

1923 முதல் மோனோடைப் நிறுவனம் பாஸ்கர்வில்லின் எழுத்து வடிவத்தைப் புதுப்பித்து வழங்கியதால், அவர் பெயரை அறியாதோரும் அவருடைய எழுத்தில் ஆங்கில நூல்களைப் படித்து வருகின்றனர். அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. திருச்சபையின் பகைவர் என ஒதுக்க வேண்டியதும் இல்லை. வேதத்தை நம்பாதவர் அதன் சொற்களை மிக்க கவனத்தோடு தாளில் பதித்தார். அதனை நம்பிய நாம் எத்துணைக் கவனத்தோடு வாசிக்கிறோம், அச்சிடுகிறோம், பீடத்தினின்று உரைக்கிறோம் என்னும் கேள்வி நம்முன் நிற்கிறது.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழிபாட்டு முறையையோ பாட்டுத் தாளையோ அச்சுக்கு அனுப்புமுன், இடம் மிச்சமாகும் என்று எழுத்தைச் சிறிதாக்க முனையும்போது, பின்வரிசையில் அமர்ந்து, தெரியவில்லை என்று கூற நாணி, உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும் முதியவரை எண்ணிப் பாருங்கள். பாஸ்கர்வில் அவரை எண்ணினார். அவர் வாங்கக்கூடிய விலையையும் சேர்த்து எண்ணுவது நமக்கு எஞ்சியுள்ள கடமை.